ஆறிய தோலில் தங்கியிருக்கும் கலங்கள்

சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ள எவரிடமும் கேட்டுப் பாருங்கள். நோய் திரும்பி வருவதைவிட, அது விட்டுப்போன அதே இடத்துக்குத் திரும்பி வருவதுதான் தங்களுக்குப் பெரிய புதிராக இருக்கின்றது என்பார்கள். எனது இடது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு சிறிய மச்சம் இருக்கின்றது. தடிப்புக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதன் மேல்விளிம்பு அந்த மச்சத்தைத் தொட்டவுடன் நின்றுவிடும். பின்னர் மருந்து பூசி, தோல் வழுவழுப்பாகி, கருமை மட்டும் மிஞ்சி, அந்தக் கருமையும் மங்கி, அங்கே ஏதேனும் இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும் வேளையில், அதே இடத்தில் மீண்டும் செதில் எழும்பி, அதே மச்சத்தோடு வந்து நிற்கும். வலது முழங்கை, இரண்டு முழங்கால்கள், காதுக்குப் பின்னால் தலைமயிர் தொடங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை உண்டு. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன் என்பதாலோ என்னவோ, அரிப்பைவிட இந்த எல்லை விவகாரமே என்னை அதிகம் அலைக்கழித்தது. அதைப் பற்றித் தேடி வாசித்தவற்றையும், வாசித்ததிலிருந்து எனக்குத் தோன்றியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: கிரந்தி. கணவாய், இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் கிரந்திச் சாமான்கள். அவற்றைத் தின்றால் இரத்தம் பழுதாகும், பழுதான இரத்தம் தோலில் வெளிப்படும். உறவினர் வீட்டு விசேடத்தில் நான் சட்டைக் கையைச் சற்று மடித்துவிட்டால் போதும், "தம்பி, திரும்பவும் கிளம்பிட்டுதே? கணவாய் சாப்பிட்டனீரோ?" என்று மாமி அடுப்படியிலிருந்தே கேட்பார். அந்தக் கரிசனையை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், நாம் ஆறுதலாக அமர்ந்திருக்கும்போதுகூட இரத்தம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் உடலை ஒருமுறை சுற்றி வந்துவிடுகின்றது. அதில் கலந்த எதுவும் கால் விரலுக்கும் போகும், கன்னத்துக்கும் போகும். நோய் இரத்தத்தில் மட்டும் இருந்தால், என் முழங்கை மச்சத்தை அது எப்படி ஒவ்வொரு முறையும் அடையாளம் கண்டுகொள்கின்றது? முகவரி தோலில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்றோலின் அடி அடுக்கில் பிறக்கும் ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு இயல்பாக ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸ் தடிப்பில் அந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுவதால், முதிர்ச்சியடையாத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளி நிறச் செதிலாகின்றன. அச்செதிலை நகத்தால் சுரண்டினால் முதலில் வெண்ணிறத் துகள் உதிரும், அதன்பின் ஈரமான மெல்லிய படலம் தெரியும், அதையும் நீக்கினால் ஊசிமுனையளவு இரத்தப் புள்ளிகள் அங்குமிங்குமாகத் தோன்றும். உட்டோலின் மயிர்த்துளைக்குழாய்கள் நீண்டு சுருண்டு மேற்பரப்புக்கு மிக அருகில் வந்திருப்பதே அதற்குக் காரணம். (சுரண்டிப் பார்க்க வேண்டாம். ஏன் கூடாது என்பது கீழே வரும்.) மருத்துவப் பாடநூற் படங்களில் இத்தடிப்பு இளஞ்சிவப்பாகக் காட்டப்பட்டிருக்கும். எங்கள் நிறத்தில் அது ஊதா கலந்த கபிலமாகவோ சாம்பல் படர்ந்ததாகவோ தெரியும் என்பதால், படை என்று நினைத்துப் பூஞ்சண மருந்து பூசிக் காலம் கழிப்பவர்கள் பலர். ஆறிய பின்னர் மிஞ்சும் கறுப்பு அடையாளம் மெலனின் நிறப்பொருள் தேங்கியதனால் ஏற்படுவது. நோய் திரும்பி வருவதற்கும் அந்தக் கறைக்கும் தொடர்பில்லை. கறை முற்றாக மறைந்த பின்னரும் நோய் வரும்.

இது தொற்றும் நோயன்று என்பதையும் சொல்லியே ஆகவேண்டும், ஏனெனில் எங்கள் கோயில்களில் ஆண்கள் மேலாடையின்றி நிற்கின்றோம். முதுகில் தடிப்புள்ள ஒருவர் சுவாமி வாசலில் நிற்கும்போது அவரைச் சுற்றி ஒரு சிறிய வெற்றிடம் உண்டாவதை நான் கண்டிருக்கின்றேன். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை இதையும் தொழுநோயையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1841இல் வியன்னாவின் பெர்டினண்ட் வொன் ஹெப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். எங்கள் வெற்றிடம் அந்தப் பழைய குழப்பத்தின் எச்சந்தான்.

மேற்றோற் கலங்கள் மிகையாகப் பெருகுவதால், இது தோற்கலங்களின் நோய் என்றே மிக நீண்டகாலம் கருதப்பட்டது. 1979இல் மூட்டுவாதத்துக்காகச் சைக்கிளோஸ்போரின் கொடுக்கப்பட்ட சிலருக்கு, அவர்களுக்கிருந்த சொரியாசிஸும் எதிர்பாராதவிதமாக மறைந்தது கவனிக்கப்பட்டது. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் அம்மருந்து, வெண்குழியங்களுள் ஒருவகையான ரி நிணநீர்க்குழியங்களை, சுருக்கமாக ரி கலங்களை, அடக்குவது. அதிலிருந்துதான் பார்வை, நோய்களிலிருந்து உடலைக் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதியின் பக்கம் திரும்பியது. ஆனால் அப்போதும் ரி கலங்கள் இரத்தத்திலிருந்து தோலுக்குள் வந்து கலகம் செய்துவிட்டுப் போகின்றன என்றுதான் பெரும்பாலோர் எண்ணினார்கள். மாமியின் கருத்திலிருந்து அது வெகுதூரம் விலகியதன்று.

அந்த எண்ணத்தை அசைத்த பரிசோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் வாசித்தவற்றுள் இதுவே மிக நேர்த்தியானது. 2004இல் ஒனூர் போய்மன், பிராங்க் நெஸ்லே ஆகியோரும் அவர்களது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அது. சொரியாசிஸ் நோயாளிகளின் உடலில், தடிப்பு எதுவும் இல்லாத, பார்வைக்கு முற்றிலும் நலமாகத் தெரிந்த இடத்திலிருந்து மெல்லிய தோற்பட்டைகளை எடுத்தார்கள். அவற்றை விசேடமான ஒருவகைச் சுண்டெலிகளின் உடலில் ஒட்டினார்கள். அந்தச் சுண்டெலிகளுக்குச் சொந்தமாக ரி கலங்களோ பீ கலங்களோ கிடையாது, எனவே மனிதத் தோலை அவற்றால் நிராகரிக்க முடியாது. இதற்கு முந்திய பரிசோதனைகளில் ஒட்டிய தோலில் நோயை உண்டாக்குவதற்கு, நோயாளியின் குருதியிலிருந்து எடுத்துத் தூண்டிய கலங்களை ஊசிமூலம் ஏற்ற வேண்டியிருந்தது. இம்முறை எதையும் ஏற்றவில்லை. நோயாளியின் குருதி இல்லை, என்புமச்சை இல்லை, நிணநீர்க்கணு இல்லை, அவர் சாப்பிட்ட சாப்பாடும் இல்லை. ஓர் எலியின் முதுகில் ஒட்டப்பட்ட ஒரு துண்டுத் தோல் மட்டுமே இருந்தது. சில வாரங்களில் அத்தோல் தடித்து, அதனுள்ளே மனித ரி கலங்கள் பெருகி, முழுமையான சொரியாசிஸாக மாறியது. நோயில்லாத மனிதர்களிடமிருந்து எடுத்து ஒட்டிய தோலில் அவ்வாறு நடக்கவில்லை. ரி கலங்களைத் தடுத்தபோது நோய் தோன்றவில்லை, ரீஎன்எப் என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோதும் தோன்றவில்லை. நோயைத் தொடக்கத் தேவையான அத்தனையும் அந்தத் துண்டுத் தோலுக்குள்ளேயே இருந்திருக்கின்றது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கொள்ள முடியாது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2006இல், பொஸ்ரனைச் சேர்ந்த ரேச்சல் கிளார்க்கின் குழு மனிதத் தோலில் உள்ள ரி கலங்களைக் கணக்கிட்டது. வளர்ந்த ஒருவரின் தோலில் ஏறத்தாழ 2000 கோடி ரி கலங்கள் இருக்கின்றன என்றும், அது முழுக் குருதியிலும் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். ரி கலங்கள் குருதியிலும் நிணநீரிலும் ஓடித் திரிபவை என்றே நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கின்றேன். பாடத்திட்டமும் அவ்வளவுதான் கேட்கும். ஆனால் அவற்றுள் ஒரு பெரும் பகுதி எங்கும் ஓடுவதில்லை. ஒருமுறை தோலில் ஒரு கிருமியையோ வேறொரு பொருளையோ எதிர்கொண்ட பின்னர், அவ்விடத்திலேயே குடியமர்ந்து, அதே பொருள் மீண்டும் வந்தால் சில மணி நேரத்துக்குள் செயற்படத் தயாராக இருக்கின்றன. இவற்றைத் தோலில் உறையும் ஞாபக ரி கலங்கள் என்று சொல்லலாம்.

அவை எப்படித் தங்குகின்றன என்பது அழகான பொறிமுறை. இழையத்தை விட்டு நிணநீருக்குள் வெளியேற ஒரு ரி கலத்துக்கு அதன் மேற்பரப்பில் ஓர் ஏற்பி தேவை. நிணநீரிலும் குருதியிலும் செறிந்திருக்கும் ஸ்பிங்கோசின் வகைக் கொழுப்பொன்றை மோப்பம் பிடித்துக் கலத்தை வெளியே இட்டுச் செல்வது அந்த ஏற்பிதான். உறையும் கலங்கள் சிடி 69 என்ற புரதத்தை வெளிப்படுத்தி அந்த ஏற்பியைச் செயலிழக்கச் செய்கின்றன. வெளியேறும் வழி அத்துடன் அடைபட்டுவிடும். மேற்றோலில் வாழும் கலங்கள் பல சிடி 103 என்ற இன்னொரு புரதத்தையும் கொண்டிருக்கின்றன. அது தோற்கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஈ-கட்ஹெரினைப் பற்றிக்கொள்ளும். உணவுக்கும் அவை அங்கேயே வழி செய்துகொள்கின்றன. சூழவுள்ள கொழுப்பமிலங்களை உள்ளெடுத்து எரித்தே அவை நெடுங்காலம் உயிர்வாழ்கின்றன என்று 2017இல் காட்டப்பட்டது. தோற்கலங்கள் சுரக்கும் இன்டர்லூக்கின் 15 போன்ற, கலங்களுக்கிடையே செய்தி சொல்லும் சைகைப் புரதங்களும் அவற்றைத் தாங்குகின்றன. இவ்வளவும் நமக்கு நன்மைக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்பதை மறந்துவிடக் கூடாது. உதட்டோரம் ஹேர்ப்பிஸ் கொப்புளம் வந்து ஆறினால், அவ்விடத்தில் வைரசைக் காவல் காப்பவை இத்தகைய கலங்களே. சொரியாசிஸில் அதே காவல், காக்க வேண்டிய தோலுக்கு எதிராகவே திரும்பிவிடுகின்றது.

இடத்தின் ஞாபகம் என்பதை நம்ப மறுக்கும் நண்பர்களுக்கு நான் இன்னொரு நோயைக் காட்டுவதுண்டு. சிலருக்குக் கோ-ட்ரைமொக்சசோல் போன்ற ஒரு மாத்திரையை விழுங்கியதும் உதட்டிலோ கையிலோ வட்டமான கருஞ்சிவப்புத் திட்டு ஒன்று எழும்பும். மாத்திரையை நிறுத்தினால் ஆறி, கறுப்பு வட்டமாக மிஞ்சும். ஓராண்டு கழித்து மறதியாக அதே மாத்திரையை விழுங்கினால், சில மணி நேரத்தில் அதே வட்டம் மீண்டும் கனன்றெழும். மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகின்றது, ஆனால் எரிவது அந்த ஒரு வட்டம் மட்டுமே. அவ்வட்டத்தின் மேற்றோலில் தங்கியிருக்கும் சிடி 8 வகை ரி கலங்களே அதற்குக் காரணம். இரத்தம் செய்தியைக் கொண்டுவரலாம், பதில் சொல்வது இடந்தான்.

சொரியாசிஸுக்குத் திரும்பினால், வெளியிலிருந்து வரும் கலங்களைத் தடுத்தால் நோய் அடங்குமா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கின்றது. குருதிக்குழாய்ச் சுவரில் வெண்குழியங்கள் பற்றிக்கொள்ளப் பயன்படும் ஈ-செலெக்ரின் என்ற புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரி ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவு, பயனில்லை என்பது. வாயிலைப் பூட்டினாலும், வீட்டுக்குள் ஏற்கெனவே ஆட்கள் இருந்தால் பூட்டு என்ன செய்யும்?

இனி, ஆறிய தோலுக்குள் எட்டிப் பார்த்தவர்களிடம் வருவோம். 2011இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரீஎன்எப்பைத் தடுக்கும் எட்டனர்செப்ட் ஊசியால் தடிப்பு மறைந்த இடங்களிலிருந்து தோல் மாதிரிகளை எடுத்து அவற்றின் மரபணுச் செயற்பாட்டைப் பார்த்தபோது, கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் ஆறிவிட்டதாகத் தெரிந்த அத்தோலில் நோய்க்குரிய சில மரபணுக்கள் இயல்புநிலைக்கு வந்திருக்கவேயில்லை. 2014இல் ஸ்ரொக்ஹோமின் கரொலின்ஸ்கா நிறுவனத்தில் லிவ் ஐட்ஸ்மோவின் குழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆறிய இடத்தின் மேற்றோலிலிருந்து ரி கலங்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் தூண்டிப் பார்த்தார்கள். சிடி 8 கலங்கள் இன்டர்லூக்கின் 17ஐச் சுரந்தன, சிடி 4 என்னும் இன்னொரு வகை ரி கலங்கள் இன்டர்லூக்கின் 22ஐச் சுரந்தன. இரண்டுமே சொரியாசிஸை நடத்தும் புரதங்கள். ரீஎன்எப் தடுப்பு மருந்தில் ஆறு ஆண்டுகள் வரை இருந்தவர்களின் தோலிலும் அவை அப்படியே இருந்தன. ஆறு ஆண்டுகள் ஒரு தடிப்பும் இல்லாமல், அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரிந்த ஒருவரின் முழங்கையில் இவை உட்கார்ந்திருந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2017இல் கிளார்க்கின் குழு, இக்கலங்கள் ஒரே முன்னோரிலிருந்து பெருகிய குடும்பங்கள் என்பதையும், தடிப்பில் காணப்படும் அதே இன்டர்லூக்கின் 17 சுரக்கும் குடும்பங்கள் ஆறிய தோலிலும் இருக்கின்றன என்பதையும் காட்டியது.

தோட்டக்காரருக்கு இதைக் கோரைப்புல்லைக் கொண்டு விளங்கப்படுத்தலாம். தரைக்கு மேலே தெரியும் புல்லைச் செருக்கிவிட்டால் நிலம் துப்புரவாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை அடுத்த மழைக்கு அதே இடத்தில்தான் முளைக்கும்.

மழை என்ன என்பது அடுத்த கேள்வி. உறங்கும் கலங்களை எழுப்பும் வழிகள் பல. அவற்றுள் மிகத் தெளிவாக அறியப்பட்டது தோற்காயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைன்ரிஷ் கோப்னர் கவனித்ததன்படி, சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் கீறல், உராய்வு, சூடு எது பட்டாலும் அக்கோட்டின் வழியே தடிப்பு எழும்பக்கூடும். காயப்பட்ட தோற்கலங்கள் அபாயச் சைகைகளை வெளியிடுகின்றன. அங்குள்ள கிளைகொண்ட கலங்கள் அவற்றை உணர்ந்து இன்டர்லூக்கின் 23ஐச் சுரக்கின்றன. அது உறையும் ரி கலங்களைத் தட்டியெழுப்ப, அவை 17ஐயும் 22ஐயும் சுரக்கின்றன. தோற்கலங்கள் அதற்கு இணங்க வேகமாகப் பெருகுவதோடு, குருதியிலிருந்து நடுநிலைநாடி வெண்குழியங்களையும் புதிய ரி கலங்களையும் அழைக்கும் இரசாயனங்களையும் வெளியிடுகின்றன. வந்தவை மேலும் அழற்சியை உண்டாக்க, வட்டம் தன்னைத் தானே சுற்றத் தொடங்குகின்றது. செதிலைச் சுரண்டக் கூடாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். முழங்கையை மேசையில் ஊன்றி விடைத்தாள் திருத்துபவனுக்கு முழங்கையில் வருவதும், சாரத்தை இறுக்கி உடுப்பவருக்கு இடுப்பில் வருவதும் வியப்பன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடியற்காலையில் வீதி மணலில் அங்கப்பிரதட்டை செய்யும் அடியார்களுள் இந்நோய் உள்ளவர்களும் இருப்பார்கள். நேர்த்திக்கடனைக் கைவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனால் வெறும் மேலுடன் மணலில் உருள்வது முதுகில் புதிய தடிப்புக்கு வழிவிடலாம் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. அடியழித்தல் போன்ற வேறு நேர்த்திகளும் உண்டல்லவா?

தொண்டைப் புண் இன்னொரு வழி. ஸ்ரெப்ரொகொக்கஸ் பக்ரீரியாவினால் தொண்டை நோகும் சிறுவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் உடலெங்கும் நீர்த்துளி போன்ற சிறு தடிப்புகள் தோன்றுவதுண்டு. சில மருந்துகளும் நோயைக் கிளப்பும்: லித்தியம், சில பீற்றா தடுப்பிகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவை. ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. சீழ்க்கொப்புளம் நிறைந்த கடுமையான வடிவம் அதனால் எழக்கூடும். மன அழுத்தம், புகைத்தல், மது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் தணிகின்றது என்பதற்குச் சான்று உண்டு. கணவாய்க்கும் கத்தரிக்காய்க்கும் எதிராக அத்தகைய சான்று எதையும் நான் காணவில்லை. எனவே உண்கிறேன்.

இந்தக் கலங்கள் எதை எதிரியென்று கருதுகின்றன என்பதிலும் சில துப்புகள் கிடைத்திருக்கின்றன. எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வடிவம் இந்நோயுடன் மிக வலுவாகத் தொடர்புபட்டது. அவ்வடிவம் உள்ளவர்களில் சில சிடி 8 கலங்கள், தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் கலங்களின் ஒரு புரதத்தையே குறிவைக்கின்றன என்று 2015இல் காட்டப்பட்டது. தோல் காயத்தின்போது சுரக்கும் எல்எல்37 என்ற கிருமிகொல்லிப் புரதமும் சிலரில் இலக்காகின்றது. ஆக, வெளியிலிருந்து எதுவும் வராமலே, தன்னுடைய பொருளையே அந்நியமாகக் காணும் காவலாளி நம் தோலில் நிற்கக்கூடும்.

எல்லாவற்றையும் ரி கலங்களின் தலையில் கட்டுவதும் சரியன்று. மேற்றோலைப் புதுப்பிக்கும் தண்டுக் கலங்களுக்கும் ஞாபகம் உண்டு என்பதை 2017இல் சுண்டெலிகளில் கண்டார்கள். ஒருமுறை அழற்சிக்குள்ளான தோலின் தண்டுக் கலங்களில் சில மரபணுப் பகுதிகள் திறந்தபடியே இருந்ததால், அடுத்த காயத்தை அவை விரைவாக ஆற்றின. அந்த விரைவே சொரியாசிஸ் உள்ளவருக்குப் பாதகமாகலாம். அதேபோல், இரத்தத்தை முற்றாக விடுவிக்கவும் முடியாது. புதிய இடங்களில் நோய் தோன்றுகின்றது, கணிசமானோருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. காலையில் விரல்கள் விறைத்திருந்தால் அதை வயதின் தலையில் போடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சுற்றித் திரியும் கலங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் ஒரே இடத்தில், ஒரே எல்லையுடன் திரும்பி வருவதை விளக்கும் வலு, உறையும் கலங்களுக்கே அதிகம் என்பது எனது முடிபு.

சிகிச்சைகளை இந்தக் கண்ணால் பார்த்தால் அவற்றின் எல்லைகள் தாமே விளங்கும். ஸ்டீரொயிட் களிம்பும் வைற்றமின் டி வகைக் களிம்பும் 311 நனோமீற்றர் ஊதாக்கடந்த ஒளியும் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெதொட்ரெக்சேற்றும் அழற்சியைத் தணிக்கின்றன. (வாரத்துக்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை என்று மாற்றி விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.) கலகம் அடங்கும், குடியிருப்பவை போகமாட்டா. கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போய் எண்ணெய் பூசிப் பத்தியம் காத்து ஆறியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுள் சிலருக்கும் அதே இடத்தில் திரும்பி வந்தது. அதை எந்த வைத்தியத்தின் தோல்வியாகவும் நான் கொள்ளவில்லை. நோயின் அமைப்பே அப்படி. அதனால்தான், "முற்றாகக் குணமாக்குவோம், இனி வரவே வராது" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகின்றது.

உயிரியல் மருந்துகள் எனப்படும் விலையுயர்ந்த ஊசிகளில் ஒரு சுவையான வேறுபாடு தெரிகின்றது. இன்டர்லூக்கின் 17ஐத் தடுப்பவை வேகமாக வேலை செய்கின்றன. இன்டர்லூக்கின் 23ஐத் தடுப்பவை சற்று மெதுவானவை, ஆனால் அவற்றின் பயன் நீடிக்கின்றது. 2019இல் வெளியான ஒரு நேரடி ஒப்பீட்டில், 48ஆவது வாரத்தில் நோய் 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், 23ஐத் தடுக்கும் குசெல்கியூமாபில் 84 சதவீதமாகவும் 17ஐத் தடுக்கும் செக்கியூகினுமாபில் 70 சதவீதமாகவும் இருந்தார்கள். அதே நோயாளிகளுள் சிலரின் தோலை ஆராய்ந்தபோது, குசெல்கியூமாப் பெற்றவர்களில் உறையும் ஞாபகக் கலங்கள் குறைந்திருந்தன, மற்றவர்களில் அவ்வாறு குறையவில்லை. எழுப்பும் சைகை நின்றால் உறையும் கலங்களுட் சில நலிந்து போகின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நோய் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே, கலங்கள் வேரூன்றுவதற்கு முன்னர், இம்மருந்துகளைக் கொடுத்தால் ஞாபகமே பதியாமற் செய்துவிடலாமா என்றும் ஆராய்கின்றார்கள். எங்களைப் போன்றோருக்கு இப்போதைக்கு அது எட்டாக் கனி. விலை ஒருபுறமிருக்க, சயரோகம் உள்ளுறைந்திருக்கின்றதா என்று பார்த்த பின்னரே இத்தகைய ஊசிகளைத் தொடங்குவார்கள்.

எட்டும் தூரத்தில் உள்ள ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தடிப்பு மறைந்த அன்றே களிம்பை மூடி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். உறையும் கலங்களைப் பற்றி அறிந்த பின்னர் அது பொருத்தமாகத் தோன்றவில்லை, பொருத்தமில்லை என்பதற்குச் சோதனையும் உண்டு. வைற்றமின் டி வகையான கல்சிபொற்றியோலும் ஸ்டீரொயிட்டான பீற்றாமெதசோனும் கலந்த நுரை மருந்தை, ஆறிய இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறை தொடர்ந்து பூசியவர்களுக்கும், மருந்தில்லாத நுரையைப் பூசியவர்களுக்கும் இடையே 52 வாரங்கள் ஒப்பீடு செய்தார்கள். முதல் தடவை நோய் திரும்பி வரும்வரை சென்ற இடைநிலைக் காலம் முன்னவர்களுக்கு 56 நாட்கள், பின்னவர்களுக்கு 30 நாட்கள். பெரிய வெற்றியென்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாதம் ஏறத்தாழ இரண்டு மாதமாவது எனக்குப் பெறுமதியானது. இதைக் கேட்டுவிட்டு, பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கிய கிளோபெற்றசோல் என்னும் வலுமிக்க ஸ்டீரொயிட் களிம்பை மாதக்கணக்கில் பூசத் தொடங்கிவிடாதீர்கள். அது தோலை மெலியவைத்து, நிறுத்தும்போது நோயை இன்னும் மூர்க்கமாகத் திருப்பும். அடுத்த முறை தோல் நோய்க் கிளினிக்குக்குப் போகும்போது, "டொக்டர், ஆறின இடத்துக்கும் பூச வேணுமோ? எந்த மருந்தை, கிழமைக்கு எத்தனை தரம், எவ்வளவு காலத்துக்கு?" என்று கேளுங்கள். விடையைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த தவணைக்கு வேறொரு வைத்தியர் இருக்கக்கூடும்.